கல்வராயன் மலையை எட்டுப் பேர் எப்படிப் பங்கிடுவது?

நிலவெளி வடிவமைப்பு படிக்கும் மாணவர்களிடம் இந்தப் படிப்பில் எது கடினம் என்று கேட்டுப் பாருங்கள். செடிகளின் தாவரவியல் பெயர்கள் என்றோ, காண்டூர் கணக்கு என்றோ யாரும் தொடங்குவதில்லை. நேரம் போதவில்லை என்பார்கள். அடுத்த மூச்சில், குழுவில் எல்லாரும் வேலை செய்வதில்லை என்பார்கள். முதல் குறைக்குப் பெரியவர்கள் சொல்லும் மருந்து கால அட்டவணை; இரண்டாவதற்கு அனுசரித்துப் போகும் குணம். இரண்டையும் தனித்தனி நோய்களாகப் பார்ப்பதுதான் பிழை என்பது என் எண்ணம். வேலையைத் தொடக்கத்தில் எப்படிப் பங்கிட்டார்கள் என்பதிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன. நிலத்தைத் தவறாகப் பங்கிட்ட குழுவை எந்தக் கால அட்டவணையும் கரையேற்றாது.

இந்தப் படிப்பு நமக்குப் புதிது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1900இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் டெல்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் 1972இல் முதுநிலைப் பாடமாக வந்தது. பின்னர் அகமதாபாத், போபால், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி என்று பரவியது. இந்திய நிலவெளி வடிவமைப்பாளர் சங்கம் 2003இல்தான் பிறந்தது. ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பில் இது சில தாள்களோடு முடிந்துவிடும். முழுமையாகப் படிக்க விரும்புகிறவர் இரண்டாண்டு எம்.ஆர்க். சேர வேண்டும். அந்த நான்கு செமஸ்டர்களுக்குள் மண், நீரியல், தாவரம், புவித் தகவல் அமைப்பு, சட்டம், வரலாறு எல்லாம் அடங்க வேண்டும். இவற்றுக்கு நடுவே பாதி நேரத்தை விழுங்கிக்கொண்டு நிற்பது ஸ்டூடியோ என்ற வடிவமைப்புப் பயிற்சி. ஒரு பூங்காவையோ வளாகத்தையோ வடிவமைக்கும் ஸ்டூடியோவை ஒருவர் தனியாகச் சமாளித்துவிடலாம். ஒரு வட்டாரத்தையே, ஓர் ஆற்றுப் படுகையையே எடுத்துக்கொள்ளும் ஸ்டூடியோ வரும்போது குழு இல்லாமல் முடியாது. சிக்கல் முற்றுவது அங்கேதான்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் காற்றில் போய்விடும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சுமார் 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி வரை எழுகிறது. மேலே மலையாளிப் பழங்குடிகள் வாழ்கிறார்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரவள்ளி, சாமை, நெல், காட்டில் கடுக்காய், புளி. மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றைக் கச்சிராயபாளையம் அருகே 1965இல் கட்டிய 46 அடி அணை தேக்குகிறது. அதன் கீழே வாய்க்கால், ஏரி, நெல், கரும்பு, சர்க்கரை ஆலை, நகரம். அங்கிருந்து மணிமுக்தா வழியாக வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது அந்த நீர். குறிஞ்சியில் தொடங்கி நெய்தலில் முடியும் ஒரே ஓட்டம். வட்டார ஸ்டூடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

எட்டுப் பேர் கொண்ட குழுவிடம் இந்தப் படுகையைக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே வேலை பிரிக்கப்படும். ஒருவருக்குப் பாறையும் மண்ணும். ஒருவருக்கு நீரோட்டம். ஒருவருக்குக் காடு. ஒருவருக்குச் சரிவும் உயரமும். இன்னொருவருக்கு நிலப் பயன்பாடு, அடுத்தவருக்குக் குடியிருப்பும் சாலையும், ஒருவருக்கு வரலாறும் பண்பாடும், மிச்சமிருப்பவருக்குச் சட்டமும் அரசுத் திட்டங்களும். பார்ப்பதற்கு எவ்வளவு சமமான பங்கீடு! கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளிலும் இதுதான் நடக்கிறது. மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிகளில் உட்காரும்போதெல்லாம் சுவரில் நான் பார்ப்பதும் இதே வரிசையைத்தான்.

இந்த வழக்கத்தின் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயன் மக்ஹார்க் 1969இல் எழுதிய ‘டிசைன் வித் நேச்சர்’ என்ற நூல். மண், நீர், சரிவு, மரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் வரைந்து, ஒளி ஊடுருவும் தாள்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எங்கே கட்டலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பது புலப்படும் என்றார். இன்று கணினியில் நாம் செய்யும் அடுக்கு வரைபடங்களுக்கு அவர் முறையே முன்னோடி. நிலத்தைப் படிக்க அது நல்ல முறை, சந்தேகமில்லை. ஆனால் நிலத்தைப் படிக்கும் முறையை ஆட்களைப் பிரிக்கும் முறையாகவும் எடுத்துக்கொண்டது நம் வகுப்பறைகள் செய்த வேலை. அதன் விலையை மாணவர்கள்தான் தூக்கத்தால் கொடுக்கிறார்கள்.

ஏன் என்று பார்ப்போம். எட்டு அடுக்குகளும் வந்து சேராமல் ஒட்டுமொத்த வரைபடம் போட முடியாது. ஏழு பேர் நேரத்துக்கு முடித்தாலும் எட்டாமவர் தாமதித்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். கடைசியில் அடுக்குகள் வந்து சேரும்போது ஒன்றின் எல்லை இன்னொன்றோடு பொருந்தாது. ஒருவர் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டிலிருந்து ஓடையைப் பிரதியெடுத்திருப்பார், மற்றவர் புவன் தளத்திலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில் வரைந்திருப்பார். பொருத்தும் வேலை க்யூஜிஐஎஸ் மென்பொருள் நன்றாகத் தெரிந்த ஒருவர் தலையில் விழும். சப்மிஷனுக்கு முந்தைய இரவுகளில் விழித்திருப்பவர் அவர். மற்றவர்கள் தூங்குவது சோம்பலால் அல்ல. அந்தக் கட்டத்தில் அவர்கள் செய்வதற்கு எதுவும் இல்லாதபடிதான் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட ஆழமான கேடு ஒன்று உண்டு. கல்வராயனில் அடுக்குகள் தனித்தனியாக நிற்பதில்லை. இந்த மலை நீண்ட காலம் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. யாருக்கு எந்த நிலம், எது காடு, எது பட்டா என்ற கேள்வி அங்கே இன்றும் சூடு ஆறாதது. 2006இன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேள்வி புதிய வடிவம் எடுத்தது. ஆக, ‘காடு’ என்ற ஷீட்டில் பச்சை பூசப்பட்ட இடத்தில் தலைமுறைகளாகச் சாமை விதைத்தவர்கள் இருக்கலாம். ‘வரலாறு’ ஷீட்டை எழுதுபவருக்கு அது தெரிந்திருக்கும். ‘காடு’ ஷீட் எழுதுபவருக்குத் தெரிந்திருக்காது. இருவரும் ஜூரி நாளன்று காலையில்தான் ஒருவர் ஷீட்டை மற்றவர் பார்ப்பார்கள். வேலையைப் பிரித்த விதமே நிலத்தைப் பற்றிய ஒரு பொய்யை உண்டாக்கிவிடுகிறது.

குழுவில் சிலர் ஒதுங்குவது பற்றியும் ஆய்வுகள் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் பரிசோதனை இதில் முன்னோடி. ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குத் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியே வெளிப்பட்டது. இழுப்பின் திசையும் நேரமும் பொருந்தாததும் இதில் ஒரு பங்கு. 1979இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சோதித்தார்கள். தன் சத்தம் தனியாகத் தெரியாது என்ற நிலையில் மனிதர்கள் தாமறியாமலே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நார்பர்ட் கெர் 1983இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: மற்றவர் நம் உழைப்பில் சவாரி செய்கிறார் என்று தோன்றினால், உழைக்கக்கூடியவரும் கையைத் தளர்த்திவிடுகிறார். நம் ஸ்டூடியோக்களில் செமஸ்டரின் நடுவில் நல்ல மாணவர்கள் சோர்ந்துபோவதற்கு இந்த மூன்றாவது ஆய்வு நல்ல விளக்கம்.

ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்து, யார் ஒதுங்கினார் என்று விரல் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கயிறு இழுப்பதில் வேலை ஒரே வகை. களப்பணியில் அப்படி இல்லை. செய்த வேலையில் பாதி ஷீட்டில் ஏறுவதே இல்லை. வெளிமாநில மாணவர்கள் கலந்த குழு கல்வராயன் மேலுள்ள வெள்ளிமலைக்குப் போகிறது. தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். காலையிலிருந்து இருட்டும்வரை அவரே பேசுகிறார், கேட்கிறார், மொழிபெயர்க்கிறார், டீக்கடையில் வழி விசாரிக்கிறார், கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கல் விவரம் கேட்கிறார். விடுதிக்குத் திரும்பியதும் மற்றவர்கள் அன்றைய படங்களை வரிசைப்படுத்துவார்கள்; அவர் களைத்துப் படுத்துவிடுவார். செமஸ்டர் முடிவில் அவர் பெயரில் ஒரு ஷீட்தான் இருக்கும். ‘இவர் அதிகம் செய்யவில்லை’ என்று குழுவே சொல்லும். மலைக் கிராமத்துப் பெண்களிடம் தண்ணீர் எடுக்கும் தூரம் பற்றி, விறகு பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மாணவியர் இருவர் மீது முழுச் சுமையும் ஏறுவதும் இதே கதை. வண்டி பேசுவது, சாப்பாடு ஏற்பாடு, பிரிண்ட் கடையில் வரிசையில் நிற்பது எல்லாம் யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். பணமும் இதில் சேர்கிறது. பயணச் செலவையும் ஏ1 அளவுப் பிரிண்ட் செலவையும் சமமாகப் பிரிக்கும்போது, கொடுக்க முடியாத மாணவர் அதை உழைப்பாகக் கொடுக்கத் தொடங்குகிறார். யாரும் கேட்காமலே கூடுதலாக வரைகிறார். இவையெல்லாம் கணக்கில் வராதவரை ‘சமமாக உழைப்பது’ என்ற பேச்சுக்கே பொருளில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜூரியில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் குழுவின் முகமாகிவிடுகிறார். ஆசிரியர்கள் நினைவில் நிற்பது அவர். கிராமத்திலிருந்து வந்து, நிலத்தைக் குழுவிலேயே நன்றாகப் புரிந்துகொண்ட மாணவர் பின்வரிசையில் நிற்பதைப் பல ஜூரிகளில் பார்க்கிறோம். கேள்வியைத் தமிழில் அவரிடமே கேட்டுவிட்டால் போதும், அதுவரை வராத பதில்கள் வரும்.

இனி நேரத்துக்கு வருவோம். மாணவர்கள் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது உண்மை, ஆனால் அது அவர்களின் தனிக் குறை அல்ல. கனேமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் சுட்டிய மனித இயல்பு அது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். மேசை வேலைக்கே இப்படி. மலைக்கு இது இன்னும் கடுமை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறும் சாலையில் பேருந்து நேரங்களை நம்பி நாளைத் திட்டமிட முடியாது. பல ஊர்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைப்பதில்லை. பேச வேண்டியவர் கிழங்கு பிடுங்கப் போயிருப்பார். மாலைவரை காத்திருக்க வேண்டும். வாடிய முகத்தோடு அல்ல, வேலை இருக்கிறது என்ற மனத்தோடு காத்திருக்கப் பழகுவது இந்தத் தொழிலின் பாதிப் பயிற்சி. ஆனால் எந்தக் கால அட்டவணையிலும் காத்திருப்புக்கு ஒரு கட்டம் ஒதுக்குவதில்லை.

பருவமும் இருக்கிறது. ஜூலையில் தொடங்கும் செமஸ்டர் என்றால் ஓடைகளில் நீர் வருவதைப் பார்க்கலாம், மேகம் அருவியும் பெரியார் அருவியும் உயிரோடிருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வேளையில் சப்மிஷன் வந்துவிடும். ஜனவரியில் தொடங்கினால் நிலம் காய்ந்து கிடக்கும். நீரோட்டத்தை வரைபவர் கற்களைப் பார்த்து ஆற்றை ஊகிக்க வேண்டும். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்ற திட்டம், வேலைச்சுமையை முழுக்கச் செமஸ்டரின் பின்பாதிக்குத் தள்ளிவிடுகிறது.

பின்பாதியில் நடப்பது எல்லாருக்கும் தெரியும்: இரவு விழிப்பு. இதை வீரமாகப் பேசும் வழக்கம் கட்டடக்கலைக் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. டாசனும் ரீடும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதைக் காட்டியது. அமெரிக்காவில் இரவிரவாகக் கண்விழித்த கட்டடக்கலை மாணவர் ஒருவர் கார் விபத்தில் இறந்த பிறகு, அங்குள்ள மாணவர் அமைப்பு ஸ்டூடியோப் பண்பாட்டை ஆராயக் குழு அமைத்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதிக நேரம் ஸ்டூடியோவில் இருப்பவரே சிறந்த மாணவர், கெடு நெருங்கும் நெருக்கடியில்தான் படைப்பு பிறக்கும் என்பன போன்ற நம்பிக்கைகளைக் கற்பிதங்கள் என்று அது வரிசையிட்டது. நம் கல்லூரிகளில் இப்படி ஓர் உரையாடல் இன்னும் உரக்க நடக்க வேண்டும். தூங்காமல் வரைந்த கோடு நிலத்தில் தவறான இடத்தில் விழும். மலைச்சரிவில் அந்தத் தவறு மண்ணரிப்பாக மாறும்.

சரி, வேறு எப்படிப் பங்கிடுவது? இங்கே எனக்குத் துணைக்கு வருபவர் பேட்ரிக் கெடஸ். மக்ஹார்க்குக்கு முந்தைய தலைமுறை, அவரும் ஸ்காட்லாந்துக்காரர். நகரத் திட்டமிடல் கண்காட்சி ஒன்றோடு 1914இல் சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை, அதே காலத்தில் சென்னையைக் குண்டுவீசி நடுங்க வைத்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் கூடி மறுபடியும் வரைபடங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். திட்டத்துக்கு முன் ஆய்வு என்பது அவர் கொள்கை. மலையிலிருந்து கடல்வரை ஒரு நெடுக்குவெட்டுக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் ஒவ்வோர் இடத்திலும் நிலமும் தொழிலும் மக்களும் எப்படிப் பிணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் முறை. கல்வராயனிலிருந்து பரங்கிப்பேட்டை வரை அந்தக் கோடு தானாகவே இருக்கிறது.

எட்டுப் பேரை நான்கு இணைகளாக்கி, அந்தக் கோட்டில் இணைக்கொரு பகுதி கொடுத்துவிடலாம். ஓர் இணைக்கு வெள்ளிமலை மேட்டு நிலம். இன்னொன்றுக்குக் காட்டுச் சரிவு. மூன்றாவதற்குக் கோமுகி அணையும் அதன் பாசன நிலமும். நான்காவதற்குக் கள்ளக்குறிச்சி நகரமும் கீழாறும். ஒவ்வோர் இணையும் தன் பகுதியின் மண்ணையும் நீரையும் மரத்தையும் மக்களையும் தானே பார்க்க வேண்டும். யாரும் வெறும் ‘சட்டம்’ ஷீட்டோடு தப்ப முடியாது. யாரும் எட்டு அடுக்குகளைத் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். ஓர் இணை தாமதித்தால் அதன் பகுதி மட்டுமே வெறுமையாக இருக்கும், மற்றவர் வேலை நிற்காது. யார் செய்தது எது என்பது வரைபடத்திலேயே தெரியும் என்பதால், குற்றம் சாட்டும் பேச்சுக்கும் தேவை குறைகிறது. பேச வேண்டிய தொடர்புகளும் சுருங்குகின்றன: எட்டுத் தனியாட்களுக்கு இடையே 28 தொடர்புகள், நான்கு இணைகளுக்கு இடையே ஆறு. இணையில் ஒருவராவது தமிழ் பேசுபவராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மொழிபெயர்ப்புச் சுமையும் பரவும். குழுவில் ஒரே ஒருவர்தான் தமிழர் என்றால், அவர் மொழிபெயர்த்த மணிகளை ஷீட்டுக்குச் சமமாக எழுதிவைக்க வேண்டும்.

இதிலும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. பகுதிகளின் ஓரங்கள் ஒட்டாமல் போகும். மேலே ஒருவர் மூன்று வகைக் காடு என்பார், கீழே இருப்பவர் ஐந்து என்பார். அதனால் முதல் இரண்டு வாரம் பிரியாமல் எட்டுப் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பேஸ் மேப், ஒரே அளவுகோல், ஒரே நிறக் குறியீடு, ஒரே கோப்புப் பெயர் முறை இவற்றை முடித்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். இரண்டு நாளில் முடியும் வேலை என்று இதைத் தள்ளிப்போடும் குழுக்கள் கடைசியில் பத்து நாளை அங்கே இழக்கின்றன. அடிப்படை வரைபடத்தைக் காப்பவர் ஒருவர் இருக்கட்டும், மாதத்துக்கு ஒருவராக மாறட்டும். அப்போது மென்பொருள் தெரிந்தவர் மட்டுமே பலியாவது நிற்கும், தெரியாதவரும் கற்றுக்கொள்வார். ஓரங்களைச் சேர்க்கும் பொறுப்பைப் பக்கத்துப் பக்கத்து இணைகளே ஏற்க வேண்டும்: அணைக்கு மேலுள்ளவரும் கீழுள்ளவரும் அணைக்கட்டில் நின்று சேர்ந்து ஒரு நாள் வரைய வேண்டும். மலையில் பெய்த மழை வயலில் என்னவாகிறது என்ற கேள்விக்கு அந்த ஒரு நாளில் கிடைக்கும் பதில், எட்டு அடுக்குகளை அடுக்கினாலும் கிடைக்காது.

ஆசிரியர்கள் பங்கு இதில் பெரிது. குழு மதிப்பெண் ஒன்றை எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி போட்டுவிடுவது எளிது, நியாயமில்லை. சக மாணவரே ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடும் முறை பல நாடுகளில் இருக்கிறது. நம் ஊரில் நட்பும் பகையும் சில இடங்களில் சாதியும்கூட அதற்குள் புகுந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. வாரம் ஒருமுறை ஸ்டூடியோச் சுவரில் யார் என்ன செய்தார் என்று அவரவர் கையால் எழுதும் பழக்கம் அதைவிடப் பயன்தரும், ஷீட்டில் ஏறாத வேலையையும் சேர்த்து எழுதினால். இன்னொன்று: ஸ்டூடியோ ஜூரி நடக்கும் அதே வாரத்தில் நீரியல் தாளுக்கும் தாவரத் தாளுக்கும் அசைன்மென்ட் கேட்கும் ஆசிரியர்கள் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து காலண்டரைப் பார்க்க வேண்டும். கோமுகியின் நீரோட்டக் கணக்கே நீரியல் அசைன்மென்ட் ஆகலாம், கல்வராயன் காட்டு மரங்களின் பட்டியலே தாவரத் தாளுக்குப் போகலாம். மாணவரின் சுமையில் பெரும்பகுதி, தொடர்புள்ள வேலைகளைத் தொடர்பில்லாமல் கேட்பதால் வருகிறது.

மலை மக்களின் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு பத்திரிகையும் அதிகாரிகளும் இந்த மலைக்கு ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கெடுத்து விசாரித்தது. கேள்வி கேட்க வருகிறவர்கள் அங்கே குறைவில்லை. அடுக்குவாரியாகப் பிரிந்த எட்டு மாணவர்கள் ஒரே வீட்டுத் திண்ணைக்கு எட்டு முறை போய், மண்ணைப் பற்றி ஒருவர், தண்ணீரைப் பற்றி ஒருவர் என்று கேட்டால், அந்த வீட்டுக்காரரின் ஒரு நாள் கூலி போய்விடும். ஓர் இணை ஒரே முறை உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூலை செமஸ்டரில் இவற்றில் மூன்று வருகின்றன, ஜனவரி செமஸ்டரிலும் மூன்று. அவற்றில் ஒன்றைக் குழுவின் இடைக்கெடுவாக வைத்துக்கொள்ளலாம். ஜூலைக் குழு ஆகஸ்ட் 15 சபையில் போய் உட்கார்ந்து கேட்கட்டும். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டிப் பேசி, அக்டோபர் 2 சபையில் தமிழில் எழுதிய ஒரே ஒரு ஷீட்டை விரித்து, எந்த ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தச் சரிவில் மண் போகிறது என்று காட்டட்டும். ஊர்க்காரர்கள் சொல்லும் திருத்தங்களோடு நவம்பர் ஜூரிக்கு வரட்டும். அப்படியொரு கெடு நடுவில் இருந்தால் வேலை முன்பாதிக்கு நகரும். ரெண்டரிங்குக்கு அங்கே இடமில்லை, ஆங்கிலம் பேசும் முகத்துக்கும் இடமில்லை. அந்த ஷீட்டின் ஒரு பிரதி வெள்ளிமலையிலுள்ள ஒன்றிய அலுவலகத்தில் இருந்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் பேஸ் மேப்பை முதலிலிருந்து போட வேண்டியதில்லை.